படைப்பதற்கு முன் எடுத்து வைத்த பொங்கல்

இன்று காலை மூவார் கடைத்தெருவில் ஒருவன் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைச் சைக்கிளில் அடுக்கிக்கொண்டு போனான். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கத்திரிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உன் மேலும் எப்போதும் இந்த நாற்றம்தான். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அடி பாவி.

அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார். ஊழியம் செய்ய எங்களைத் திருநெல்வேலியிலிருந்து கப்பலேற்றி உங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அழைத்து வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கடல் கடந்து போகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள், வந்து என்ன செய்தேன்? அப்பாவின் வெள்ளைக் கோட்டைத் துவைத்தேன். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கினேன். சாயங்காலம் அம்மாவோடு தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். விடியுமுன் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் கூட்டத்தில் நீயும் வாளியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போவாய். நான் ஜன்னலில் நின்று பொறாமைப்படுவேன். உனக்கு ஒரு லயமே இருந்தது. எனக்கு நீ ஒருத்திதான்.

“ஏளா” என்று நான் கூப்பிட்டால் போதும், உனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். “மாட்டையா ஓட்டுற? எம்பேரச் சொல்லிக் கூப்பிடு புள்ள!”

மாரியம்மன் திருவிழாவன்று படையல் முடிந்ததும் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினாய். கோயிலில் படைத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வேண்டாம் என்றேன். லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க கையால தந்தா ஒங்களுக்கும் ஆகாதா? சாதி இல்ல, சாதி இல்லன்னு ஒங்கப்பா சொல்றதெல்லாம் சும்மாதானா?”

ஊர்ப் பக்கத்தில் உங்கள் ஆட்களுக்குத் தண்ணீரைக்கூட எட்ட நின்று ஊற்றுவார்கள். நீ அதைத்தான் நினைத்தாய். வேறு எதை நினைப்பாய்? மறுநாள் பாட்டுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. என்னைக் கண்டால் நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். நான் அழுத அழுகை கொஞ்சமா? ஊருக்கே போய்விடலாம் என்று அம்மாவை நச்சரித்தேன்.

கடைசியில் ஒருநாள் குழாயடியில் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். “ஒங்க கைச் சோறுன்னா நான் திம்பேன்ளா. சாமிக்குப் படைச்சதுதான் எங்களுக்கு ஆகாது. சத்தியமா வேற ஒண்ணுமில்ல.”

நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த பூசையன்று எங்கள் வாசலில் வந்து நின்றாய், கையில் இலையோடு. கன்னம் வீங்கியிருந்தது.

“படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். தின்னு.”

மாரியாத்தாவுக்குப் படைப்பதற்கு முன்னால் யாரும் தொடக்கூடாத பொங்கல். உன் அம்மா பார்த்துவிட்டு அறைந்திருக்கிறாள். படியில் நின்ற அப்பா உன் கன்னத்தையே பார்த்தார்.

“ஒங்க சாமி கோவிக்காதாம்மா?”

“கோவிக்கும் உபதேசியாரே. மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.”

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்து, நீ கொண்டுவந்த இலையிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். லயம் பார்க்கட்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தார். பிறகு இலையை என் பக்கம் நகர்த்தினார். நீயும் நானும் ஒரே இலையில் சாப்பிட்டோம்.

ஊழியம் முடிந்து நாங்கள் ஊருக்குப் போனோம். நான் மூவாருக்கு வாழ்க்கைப்பட்டு மறுபடி கப்பலேறி வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் உன்னிடமிருந்து என் பங்கு தனியாக வந்துகொண்டே இருந்தது. ஆத்தா உன்னை எத்தனை முறைதான் மன்னித்தாளோ!

உன் கருமாதிக்கு வந்தேன். விளக்கேற்றி, உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, உன் பேருக்கு இலை போட்டுப் படைத்திருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்ட நேரத்தில் உன் மகள் ஒரு மூடிய கிண்ணத்தோடு என்னிடம் வந்தாள்.

“அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க பெரியம்மா. ஒங்களுக்குன்னு முன்னாடியே எடுத்து வெச்சிட்டோம்.”

என்னால் அடக்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். சாகக் கிடக்கும்போதும் இதையா நினைத்துக்கொண்டிருந்தாய்? கிண்ணத்தை அவளிடமே கொடுத்தேன். “இது வேண்டாம் கண்ணு. ஒங்கம்மா இலையிலேருந்து குடு” என்றேன்.

உன் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உனக்குப் படைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன்.

அப்பா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை இன்றுவரை ஒருநாளும் விட்டதில்லை. தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒரு பிடிச் சோற்றுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.