துண்டுக்கு அடியில் இருந்த கை

இன்று காலை, பத்து பெரண்டாம் விமான நிலையத்தில், பயிற்சி விமானத்தில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து உன் குட் மார்னிங் துண்டை எடுத்தேன். எத்தனை முறை துவைத்தாலும் பெட்ரோல் வாடை போகாத துண்டு. அதில் 'குட் மார்னிங்' என்ற சிவப்பு எழுத்து பாதி அழிந்துவிட்டது. நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் கடையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்ததில் ஒன்றை நீ கேட்காமல் உருவிக்கொண்டு வந்தாய். "அத்தாவுக்குத் தெரியாதுலா" என்று சிரித்தாய். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த நாளில் நாம் இருவரும் ஒற்றை என்ஜின் விமானத்தில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நம் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு இரட்டை என்ஜின் விமானம் வந்ததும், அதிலும் சொல்லிக்கொடுக்கும் தகுதியை ஒரே வாரத்தில் வாங்கிவிட ஓர் அவசரப் பயிற்சியை ஏற்பாடு செய்தார்கள். "ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கல" என்று நியாலாஸ் ஊரிலிருந்து என் அம்மா போனில் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. அந்தத் தகுதியை நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். உனக்கு அது தெரியும்.

பகலெல்லாம் பறப்பு. சாயங்காலம் தஞ்சோங் கிளிங்கில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. இரண்டு அகப்பைகளைத்தான் என்ஜின் கைப்பிடிகளாக வைத்துக்கொள்வோம். எந்தக் கைப்பிடி பின்னால் போய் என்ஜினை நிறுத்துகிறது என்று மாணவியாக நடிப்பவளுக்குத் தெரியக்கூடாதல்லவா, அதனால் மேலே இந்தத் துண்டு. டீச்சர் துண்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு என்ஜினை நிறுத்துவாள். மாணவி கண்ணால் தேடாமல் காலால் கண்டுபிடிக்க வேண்டும். விமானம் நின்ற என்ஜின் பக்கம் திரும்பும், அதை நேராக்க மறுபக்கத்துக் கால்மிதியை அழுத்த வேண்டும். "சும்மா கிடக்கிற கால் எந்தப் பக்கமோ, செத்த என்ஜின் அந்தப் பக்கம்" என்று பாட்டு மாதிரி சொல்வாய். நீ மாணவியாகும் முறை வந்தால் வேண்டுமென்றே தப்பான காலை அழுத்துவாய். மாணவர் அப்படித் தப்புச் செய்யும்போது தன் காலால் தடுத்து நிறுத்துவதுதானே டீச்சரின் வேலை. மேசைக்குக் கீழே நம் செருப்புகள் மோதிக்கொள்ளும். உன் அத்தா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போவார்.

இன்னொன்றில் நீ மகா கறார். விமானத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது இருவரும் வாயால் சொல்லியாக வேண்டும். கொடுப்பவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்பார். வாங்குபவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்பார். சொல்லாமல் கை வைப்பது நம் தொழிலில் பெரிய பாவம். மாமாக் டீக்கடையில் தே தாரிக் கிளாசை நீட்டும்போதுகூட நான் பதில் சொல்லாமல் நீ கையை எடுக்க மாட்டாய்.

தேர்வுக்கு முந்தின நாள், நமக்குப் பயிற்சி கொடுத்த கேப்டன் மாணவராக நடித்து, தரையை நெருங்கும்போது தப்பான காலை அழுத்தினார். என் கால் அசையவில்லை. அவரே சரிசெய்துகொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கடற்கரையோரம் உன்னிடம் மட்டும் சொன்னேன். "எந்தக் கால்னே ஒரு நிமிஷம் தெரியலடி. கல்லு மாதிரி ஆயிருச்சி." நீ என் தோளில் தட்டினாய். "எல்லாருக்கும் வர்றதுதான்லா. போய்த் தூங்கு."

தூங்கினேன். காலையில் கேப்டன் கூப்பிட்டு, எனக்கு இப்போது தேர்வு வேண்டாம், அடுத்த பயிற்சியில் பார்க்கலாம் என்றார். கால் கல் மாதிரி ஆகிவிடுகிறதாமே என்று அக்கறையாகத்தான் கேட்டார். அது என் சொல். கடலும் நீயும் மட்டும் கேட்ட சொல். வெளியே வந்தபோது நீ இறக்கையைக் குனிந்து சோதித்துக்கொண்டிருந்தாய். நிமிரவே இல்லை. அன்றைக்கே தேர்வில் பறந்து, பாஸாகி, பள்ளியின் முதல் இரட்டை என்ஜின் டீச்சர் ஆனாய். இனிப்பு கொடுத்தாய். நானும் வாங்கித் தின்றேன்.

கேப்டனிடம் நீ சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் முகத்தைப் பார்த்து, "நீ இன்னும் ரெடி இல்ல, நான் சொல்லப் போறேன்" என்றிருந்தால், அழுதுவிட்டு நானே கேப்டனிடம் போயிருப்பேன். என் வாழ்க்கையில் கை வைத்துவிட்டு, வாயைத் திறக்கவில்லை நீ. அதன் பிறகு நாம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம். மாதங்கள் கழித்து நானும் அந்தத் தகுதியை வாங்கினேன். நீ வாழ்த்தினாய். அப்போதும் சொல்லவில்லை.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மெலிந்து கிடந்தாய். குடித்து மீந்த மைலோ கப்பை நீட்டி, "யூ ஹேவ்" என்றாய். பழக்கதோஷம், "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன். கப்பைப் பிடித்தபடி நின்றேன். இப்போதாவது சொல்வாய் என்று நின்றேன். விமானத்தின் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லையா என்று கேட்டாய். அடுத்த வாரம், நீ போய்விட்டாய் என்று உன் அத்தா போன் செய்தார்.

இன்று என் பக்கத்தில் இருந்த மாணவர் என்னைவிட வயதில் மூத்தவர், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். துண்டுக்கு அடியில் இடது என்ஜினைக் குறைத்தேன். அவர் கால் அசையவில்லை. நாளைக்கு அவருக்குத் தேர்வு. விமானம் தரையிறங்கி நின்றதும், அவரைக் கதவைத் திறக்கவிடாமல் சொன்னேன். "அண்ணே, நாளைக்கு உங்கள அனுப்ப வேண்டாம்னு கேப்டன்கிட்ட சொல்லப் போறேன். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்." அவர் முகம் போன போக்கை உனக்கு எப்படி எழுதுவது. நம்பிக் கொடுத்ததை நான் கீழே போட்டு உடைத்தது போல என்னைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கிப் போனார்.

அந்த முகத்துக்குத்தான் பயந்தாயா நீ? என்னிடம் அப்படி ஒரு முகத்தைப் பார்க்க முடியாமல்தானா? இருக்கலாம். அதற்காக உன்னை விட்டுவிட முடியவில்லை. நான் இன்று அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேனே.

துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கும் வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் உன் கையிலிருந்து வாங்கிய கப்பை எங்கே வைத்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வாங்கிக்கொண்டேன் என்று வாயால் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.