அப்பா யாரைக் கூப்பிட்டார்

மியெரெஸ், 9 மார்ச் 1986

அன்புள்ள செல்சோ அண்ணா,

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பா உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பங்குச் சாமியார் வந்து, "கடைசியில கடவுளைக் கூப்பிட்டாராமே?" என்று கேட்டார். எதெல்வினா அத்தை முந்திக்கொண்டாள். "என் காதால கேட்டேன் சாமி. 'கடவுளே, மரியாயே'ன்னு ஓயாம கூப்பிட்டான் என் தம்பி." சாமியார் என்னைப் பார்த்தார்.

ஷூ கயிறு அறுந்தாலும் மரியாயைக் கூப்பிடுகிறவர் அப்பா என்று நான் சொல்லவில்லை. தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேராவிட்டால் "கடவுள்கூட வரல" என்பார். மொச்சைக் குழம்பில் உப்புக் குறைந்தால் "கடவுள் சொன்ன மாதிரி சமைங்கடி" என்பார். கோயில் வாசலை மிதிக்காதவர். பூசை வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள். கல்லறைக் கல்லில் சிலுவை செதுக்கியிருக்கிறது.

அடக்கத்துக்கு வர உனக்கு லீவு கிடைக்காததில் அத்தைக்கு வருத்தம்தான். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
ஒல்விதோ

லியேஜ், பெல்ஜியம், 20 மார்ச்

ஒல்விதோ,

"என் மேல சாமியார் தண்ணி தெளிச்சா எந்திரிச்சு வந்து உதைப்பேன்" என்று நம் சமையலறையில் நின்று அப்பா சொன்னாரே, நீயும்தானே கேட்டுச் சிரித்தாய்? நான் சுரங்கத்தில் இருந்தபோது பாறை சரிந்தால் நாங்கள் எல்லோரும் கிறிஸ்து பேரைத்தான் கத்துவோம். அதில் பாதிப் பேர் கடவுள் இல்லை என்கிற கட்சிக்காரர்கள். அத்தைக்குத் தெரியாது, சரி. உனக்குமா? சிலுவையை எடு. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

செல்சோ

மியெரெஸ், 6 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

கல்தச்சர் வியாழக்கிழமை வந்து சிலுவையைச் செதுக்கி எடுத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

நீ சொல்வது நிஜம். அன்று காலை முழுக்க அவர் கூப்பிட்டதெல்லாம் பழைய வசவுதான். இருமலுக்கு ஒன்று, தலையணை நழுவினால் ஒன்று. "உங்கண்ணன் கிறிஸ்து மூணு தரம் கத்தின காட்டுல போய் உக்காந்துட்டான்" என்று, நீ அவ்வளவு தூரம் போய்விட்டதற்காக உன்னையும் ஒரு பிடி பிடித்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு தரம் வேறு மாதிரி கூப்பிட்டார். மெதுவாக, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல, "கடவுளே" என்று. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பதிலுக்குக் காத்திருந்தாரோ, மூச்சு வாங்கத்தானோ, எனக்குத் தெரியவில்லை. சாமியாரிடம் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். நீ இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

மறுநாளே அத்தை மரத்தில் ஒரு சிலுவை கொண்டுவந்து நட்டாள். அதை நான் பிடுங்கவில்லை.

ஒல்விதோ

மியெரெஸ், 2 நவம்பர்

அண்ணா,

ஏப்ரலில் எழுதியதற்கு உன் பதில் வரவில்லை. நேற்று அனைத்துப் புனிதர் திருநாள். கல்லறைக்குப் போயிருந்தேன். அத்தையும் வந்தாள். தன் மரச் சிலுவைக்குப் பூ வைத்தாள். கல்லில் இருந்த சிலுவையை எடுத்ததிலிருந்து இப்படித்தான், எனக்குக் காத்திராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒல்விதோ