உள்ளுக்குப் போகாத முட்டை

ஜேடர்பாளையம்,
6-1-1984.

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா பாப்பாயி சொல்லி எழுதும் கடிதம். இங்கே உன் அப்பாவும் தங்கை அங்கம்மாளும் மாடுகன்றும் சுகம். நாக்பூரில் மாப்பிள்ளையும் பெரியவளும் கைக்குழந்தையும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று படுத்த இடத்திலிருந்தே மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். என் சுகத்தை இந்த வரியில் சேர்க்க வேண்டாம் என்று அங்கம்மாளிடம் சொல்லிவிட்டேன், அதைச் சொல்லத்தான் கீழே முழுக் கடிதமும் இருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை அவள் படித்தவளாக எழுதுகிறாள், அதனால் இது யாரோ பேசுகிற மாதிரி உனக்குத் தோன்றினால் கோபித்துக்கொள்ளாதே, உள்ளே இருப்பது நான்தான்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அங்கம்மாளுக்குக் கெங்கவல்லியில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இங்கிருந்து தினம் போய்வருகிற தூரம் இல்லை, அங்கேயே தங்க வேண்டும். நீ குழந்தைகளோடு வந்து இரண்டு மாதம் இருந்தால் அவள் போவாள். நீ வராவிட்டால் போக மாட்டாள். ஏனென்றால் நான் எழுந்து நடமாட முடியாமல் கட்டிலோடு கிடக்கிறேன். தீபாவளி கழிந்து அம்மாவுக்குக் காலில் சுளுக்கு என்று உனக்கு எழுதியது பொய். எழுதச் சொன்னதும் நான்தான், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி பயந்துவிடக் கூடாதே என்று. சுளுக்கு இல்லை அம்மணி, வலது தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்துவிட்டது.

அது முறிந்த விதத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். கோழிக்கொட்டகையில் தண்ணீர் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து திரும்பினேன், அவ்வளவுதான். வழுக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை. காய்ந்த முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது, அதற்கப்புறம்தான் விழுந்தேன். கோழிகள் நாலா பக்கமும் பறந்தன, நான் தீவனத்தின் மேலேயே கிடந்தேன். உன் அப்பா வந்து பார்த்துவிட்டு ஆள் கூட்டி என்னைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினார். சேலத்துக்கா என்று கேட்டதற்கு, எலும்பு கட்டுகிற மருதாசலத்திடம் என்றார். காளைமாட்டுக்கு உடைந்த காலையே கட்டி மறுபடி ஏரில் பூட்ட வைத்தவர் அவர், அதனால் நம் ஊரில் யாருக்கும் வேறு நினைப்பே வராது, எனக்கும் வரவில்லை. அங்கம்மாள் மட்டும் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது இடுப்புக்கிட்ட இருக்கற எலும்புங்கப்பா, ஆஸ்பத்திரில ஒரு படம் புடிச்சுப் பாத்தரலாங்களா என்று கேட்டாள். அவள் குரல் உனக்குத் தெரியுமே, பாதி அவளுக்குள்ளேயே நின்றுவிடும். ஏம்மணி, நீ செடிகொடி படிச்சவ, எலும்பப் பத்தி உனக்கென்ன தெரியும், பேசாம போய்த் தலகாணி எடுத்துட்டு வா என்றார் உன் அப்பா. அவள் தலையணை எடுத்துவரப் போனாள். நானும் வலியில் அவள் பக்கம் பேசவில்லை. நம் வீட்டிலேயே முதல் முதலாகக் கல்லூரிப் படியேறினவள் சொன்ன ஒரே ஒரு பேச்சை நான்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இப்போது எலும்பு வலியைவிடப் பெரிதாக இருக்கிறது.

மருதாசலம் காலைப் பிடித்து இழுத்து, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசித் துணி சுற்றிக் கட்டினார். முட்டையும் உளுந்தும் இருந்தாப் போதுங்க, மாசி நோம்பிக்கு உங்க வூட்டம்மா தேர் பாக்க நடந்தே வருவாங்க என்றார். வாரம் ஒரு கட்டு, ஒரு கட்டுக்கு ஒரு டஜன் முட்டை. நம் பண்ணை முட்டைதான். இத்தனை வருடமாக நான் வாயில் வைக்காத முட்டையெல்லாம் என் தொடையில் பூசிக் காய்ந்து உதிர்ந்தது. நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்து என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். வலது கால் இரண்டு விரல்கடை குட்டையாக இருந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது, வேறு யாருடைய காலோ என் உடம்பில் மாட்டியிருக்கிற மாதிரி. மருதாசலம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வயசாச்சுங்களே என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. காளையின் எலும்பு வேறு, என் எலும்பு வேறு என்று அவருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நீங்கள் விழுந்து எலும்பு முறியவில்லை, எலும்பு முறிந்துதான் விழுந்திருக்கிறீர்கள் என்றார். உள்ளே செல்லரித்த கட்டை மாதிரி இருக்கிறதாம். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் ஆணி வைத்துச் சேர்த்துப் பார்த்திருக்கலாம், இப்போது முனை செத்துவிட்டது, ஆணி வைத்தாலும் பிடிக்க உள்ளே எலும்பு இல்லை என்றார். மெட்ராசில் செத்த முனையை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைக்கிறார்களாம், ஆனால் என் நெஞ்சு பலவீனமும் படுத்தே கிடந்து முதுகில் வந்த புண்ணும் இருக்கிற நிலையில் தான் அதற்குச் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு தினமும் பால் குடிப்பதுண்டா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன் அம்மணி. கட்டுத்தறியில் நாலு கறவை மாடு நிற்கிறது, விடிந்தால் ஒரு தூக்கு, பொழுது சாய்ந்தால் ஒரு தூக்கு என்று பால் சொசைட்டிக்குப் போகிறது, வீட்டுக்குக் காப்பி நிறம் மாறுகிற அளவுக்கு ஒரு சொட்டு நிற்கும், அதிலும் நான் வரக்காப்பிதான். முட்டை என்றால் முழுசு வியாபாரிக்கு, விரிசல் விட்டது கடைக்கு. டாக்டர் எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றதும் உன் அப்பா, ஏனுங்க, இவ தெனமும் வெத்தலைக்கு இத்தன சுண்ணாம்பு தடவிப் போடறாளுங்களே, அப்பறம் எப்படிங்க பத்தாமப் போகும் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. முட்டை ஓடு கொஞ்சம் மெலிசாக வந்தால் போதும், உன் அப்பா அன்றைக்கே நாமக்கல்லுக்கு ஓடிக் கிளிஞ்சல் தூள் மூட்டை வாங்கிவந்து தீவனத்தில் கலப்பார். தினம் முட்டை இடுகிற கோழிக்கு ஓட்டுக்கான சுண்ணாம்பு உடம்பிலிருந்துதான் போகிறது, நாம் திருப்பிக் கொடுக்காவிட்டால் கால் விழுந்துவிடும் என்று எனக்கும் தெரியும், என் கையாலேயே கலந்திருக்கிறேன். ஐந்து பிள்ளை பெற்று, தங்கின உங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வயதுவரை பால் கொடுத்தவளுக்கு அது எங்கிருந்து போயிருக்கும் என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. உன்னைப் பெற்ற வருடம் ஒரு கடைவாய்ப்பல் போனது, அங்கம்மாளுக்கு இரண்டு. அதுகூடப் பரவாயில்லை, முன்பு நம் வீட்டில் ராகிக் களியாவது இருந்தது. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் அடுப்படியில் களிச்சட்டியைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே, அன்றோடு நான் ராகியை நிறுத்தினேன். இரண்டு வேளையும் அரிசிச் சோறு தின்கிற வீடு என்று பேர் வேண்டுமென்று ஆசைப்பட்டேன், பேர் வந்துவிட்டது. மூன்று வருடமாக அடுப்படி மேல் பலகை எனக்கு எட்டவில்லை. கொத்தனார் உயர்த்தி வைத்துவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பலகை அங்கேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் குறுகியிருக்கிறேன்.

போன கடிதத்தில் தரையிலிருந்து எழுந்தால் இடுப்புப் பிடிக்கிறது என்றும், பிள்ளைகள் மிச்சம் வைத்த பாலைத்தான் குடிக்கிறேன் என்றும் நீ எழுதியிருந்தாய். மற்றவர்கள் வேடிக்கையாகக் கேட்டார்கள், நான் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். மிச்சம் குடிக்காதே. உனக்கென்று ஒரு டம்ளர் முதலிலேயே எடுத்து வைத்துக் குடி, யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். உடம்புக்கு வேண்டிய சுண்ணாம்பு சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், முப்பத்தைந்து நாற்பதுக்கு மேல் கரைந்ததை முழுசாகத் திரும்ப வைக்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும் என்று அங்கம்மாள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். உனக்கு முப்பத்தொன்றுதானே. ராகி அங்கே கிடைக்காவிட்டால் மாப்பிள்ளையின் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஊருக்கு வரும்போது ஒரு மூட்டை ஏற்றிவிடச் சொல்கிறேன். கூழாகக் குடி, யார் பார்த்தாலும் குடி. எள்ளுருண்டை, கீரை, முள்ளோடு மென்று தின்கிற சின்ன மீன் எல்லாம் சேர்த்துக்கொள். மாடி வீட்டில் வெயிலே படுவதில்லை என்றாய், காலை வெயிலில் குழந்தையை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நட, எலும்புக்கும் வேலை வேண்டுமாம், சும்மா வைத்தால் அதுவும் இளைத்துவிடுமாம். இந்த இரண்டு மாதத்தில் என் இடது கால் எலும்பும் அப்படித்தான் இளைத்துக்கொண்டிருக்கும். நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, படுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுச் செல்லாயிதான் இப்போது நம் மாடுகளைக் கறக்கிறாள். பாப்பாயக்கா, முப்பது வருசம் ஓடின ஓட்டத்துக்கு இப்பத்தான் கால நீட்டிப் படுத்திருக்கீங்க போங்க, உங்க மாடு என்னப் பாத்து நீ ஆருங்குது என்று சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். சிரித்தால் இடுப்பில் குத்துகிறது. அவள் போனதும் கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் வரும், கேட்டுக்கொண்டே கிடப்பேன். கால் விழுந்து ஒருக்களித்துக் கிடக்கிற கோழியை நாம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், முதல் வண்டியிலேயே கறிக்கு அனுப்பிவிடுவோம். அப்படி எத்தனை கோழியை நானே காலைப் பிடித்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அங்கம்மாள் எழுதாமல் நிறுத்திவிட்டாள், எழுது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

அவள் என்னைக் குளிப்பாட்டி, துடைத்து, மலஜலம் எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்து, என் பாரம் முழுவதையும் ஒரே ஆளாகத் தூக்குகிறாள். ஆர்டர் வந்ததைத் தபால்காரர் கந்தப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, எனக்கு அந்த வேல புடிக்கலீங்கம்மா என்றாள். பிடிக்காதவள் எதற்கு ஆர்டரை மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நான் எழுந்து நடப்பேன் என்ற நினைப்பு எனக்கு இல்லை வசந்தா. இரண்டு மாதம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அதற்குள் எனக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். என்னோடு சேர்ந்து அவளும் முறிந்து கிடக்கக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். மாப்பிள்ளை என்ன சொல்வார், பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்பதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, கடைசிவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் உங்கள் காலாலேயே நடந்து வாழ வேண்டும், பேத்தியும் பேரனும் உறுதியான எலும்போடு வளர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பதிலை அப்பா பேருக்கு எழுது, இருபதாம் தேதிக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி எழுது. பாலை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பாப்பாயி

அக்கா, இது அம்மா சொல்லாதது, நானாக எழுதுவது. வேலையில் சேரக் கடைசி நாள் இருபதாம் தேதி இல்லை, போன மாதம் முப்பதாம் தேதியே முடிந்துவிட்டது. அம்மா கேட்டபோது நான்தான் தேதியை மாற்றிச் சொன்னேன். அதனால் எனக்காக என்று சொல்லி மாமாவிடம் கேட்க வேண்டாம். ஆனாலும் வா அக்கா. முதுகுப் புண் ஆழமாகிவிட்டது, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. நீ வந்து இறங்கினதும், இவள் ஏன் இன்னும் கெங்கவல்லிக்குப் புறப்படவில்லை என்று அம்மா கேட்பாள். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ வரும்போது ஏதாவது யோசித்துக்கொண்டு வா.

அங்கம்மாள்