நாலு குரலும் நான்தான்

2011 நவம்பர் 12, சனி

ரொக் கிற்றார் அடிக்கிற எனக்கு டூ-வாப்பிலை பைத்தியம். தெருமூலையிலை நாலைஞ்சு பேர் கூடிநிண்டு, வாத்தியமில்லாமல் வாயாலையே பாடின பழைய அமெரிக்கப் பாட்டுகள். அந்த ஆசையிலை செய்த சீடியை இண்டைக்குப் பாரிஸ் லா சப்பலிலை செல்வம் அண்ணையின்ர கடையிலை குடுத்தன்.

உடனை போட்டுக் கேட்டார். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே தலையாட்டினார்.

"நல்லாயிருக்கடா. மற்ற ஆக்கள் ஆர்?"

"எல்லாம் நான்தான் அண்ணை. அறைக்குள்ளை இருந்து நாலு குரலையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாப் பதிஞ்சனான்."

தலையாட்டினது நிண்டிட்டுது.

"கேட்டிருக்கலாமே. பின்னேரத்திலை நாங்கள் நாலைஞ்சு பேர் இந்த மூலையிலை சும்மாதானே நிக்கிறம்."

ஒவ்வொரு பின்னேரமும் அவையைக் கடந்துதான் வீட்டை வாறனான். காதிலை அந்தப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு.