சம்பந்தியின் ஏலத்தில் வாங்கிய ஒன்பது சினை மாடுகள்

நெப்ராஸ்கா
1954 ஜூன் 13, ஞாயிறு

அன்பு மகள் லவோனுக்கு அம்மா எழுதுவது. ஒரிகனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கெயிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று மாதமாகக் கடிதம் இல்லையே, அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். உன் மேல் கோபம் இல்லை. நடந்ததை எழுதினால் உன் வீட்டுக்குள் தீ வைத்தது போல ஆகிவிடுமோ என்று பயந்துதான் எழுதவில்லை. ஆனால் அரிசோனாவிலிருந்து உன் மாமனார் தன் கதையை எழுதுவதற்கு முன்னால் என் வாயால் நீ கேட்டுவிடுவது நல்லது. மாப்பிள்ளை மரமில்லுக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து இதைப் படி.

போன அக்டோபரில் உன் மாமனார் ஹார்லன் தன் ஹெர்போர்டு இன மாட்டு மந்தை முழுவதையும் கலைத்து ஏலம் விட்டுவிட்டு அரிசோனாவுக்குக் குடிபோனார் அல்லவா, அதில் நாம் ஒன்பது சினை மாடும் அவற்றைச் சினையாக்கிய பொலிகாளையும் வாங்கியது உனக்குத் தெரியும். எப்படி வாங்கினோம் என்பது தெரியாது. உன் அப்பாவுக்கு ஆரம்பத்தில் ஆசையே இல்லை. பத்திரம் இல்லாத நம்முடைய சாதாரண மாடுகளே இருபது வருடமாகச் சோறு போட்டன, வம்சாவளிப் பத்திரத்தைக் கறந்தா குடிக்கப்போகிறோம் என்று சிரித்தார். நான்தான் விடவில்லை. பதிவு பெற்ற மாடு நம் கொட்டகையில் நிற்க வேண்டும், ஹெர்போர்டு வளர்ப்போர் சங்கத்துக் கூட்டத்தில் நம் பெயரும் அடிபட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. "வெளியாளா விக்கிறாரு? சம்பந்திங்க. நம்மளை ஏமாத்துவாரா?" என்று கேட்டது நான். அப்பா அப்போதும் ஏலத்துக்கு முன்னால் ஹார்லனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, நாப்பது வருசமா வளர்த்த மந்தையை இப்படி ஒரே நாள்ல ஏன் விக்கிறே? உள்ளுக்குள்ள ஏதும் கோளாறு இல்லையே?" என்று நேராகவே கேட்டார். உன் மாமனார் முட்டியைத் தட்டிக் காட்டி, "கோளாறு இதுலதான் ஆர்வல், இதையும் சேர்த்து ஏலம் விடலாம்னு பார்க்கிறேன், நீ எடுத்துக்கிறியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கூடாரத்துக்குள் மாடுகளைப் பார்த்திருக்க வேண்டும் நீ. குளிப்பாட்டி, மயிரைச் சுருட்டி விட்டு, கொம்பைச் சுரண்டி எண்ணெய் பூசி, கல்யாணப் பெண்களைப் போல நடத்தி வந்தார்கள். ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போக, எதிர்ப்பக்கம் சாம்பல் நிறத் தொப்பிக்காரன் ஒருவன் ஒவ்வொரு முறையும் நமக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருந்தான். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முழங்கையால் இடித்தேன். அவர் கையைத் தூக்கினார். அந்தத் தொப்பிக்காரன் உன் மாமியார் வழிச் சொந்தம் என்றும், அன்று அவன் ஒரு கன்றுக்குட்டியைக் கூட ஓட்டிக்கொண்டு போகவில்லை என்றும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் பழைய மாடுகளில் இருபத்தாறை விற்றுத்தான் இந்தப் பத்தையும் கொண்டுவந்தோம்.

வந்த ஒரு மாதத்திலேயே அந்த மினுமினுப்பெல்லாம் போய்விட்டது. ஏலத்துக்காகத் தானியத்தைக் கொட்டிக் கொழுக்க வைத்திருந்த உடம்பு, நம் காய்ந்த புல்லுக்கு எலும்பு தெரிய இளைத்தது. சரி, குளிர் போனால் தேறும் என்று இருந்தோம். மார்ச்சில் கன்று போட ஆரம்பித்தன. முதல் இரண்டும் நல்ல கன்றுகள், அப்பா வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கூடக் கழற்றாமல் என்னைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். மூன்றாவது கன்றுக்கு நெற்றி புடைத்து, மூஞ்சி குறுகி, கீழ்த்தாடை துருத்திக்கொண்டு, கால் ஒரு சாணுக்கு மேல் இல்லை. மூச்சு விடும்போது கர் கர் என்று தொண்டைக்குள் ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம். அப்பா அதைத் துடைத்துப் பால் குடிக்க வைத்தார், இளைத்துப் பிறந்திருக்கிறது, தேறிவிடும் என்றார். அடுத்த வாரம் இன்னொன்று. ஏப்ரல் பிறந்ததும் அதே மாதிரி மூன்றாவதாக ஒன்று. மாட்டு டாக்டர் ஸ்வோபோடா, அந்த இளைஞர், வந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார். "தீனியிலயும் தப்பில்ல, உங்க பராமரிப்புலயும் தப்பில்ல ஐயா. இது ரத்தத்துல வர்ற குள்ளம். தாய்கிட்டயும் இருக்கணும், தகப்பன்கிட்டயும் இருக்கணும், அப்பதான் வெளியில தெரியும். நல்லாப் பிறந்த கன்னுக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கலாம்" என்றார். அப்படியென்றால் காளை கெட்டது, அந்த மூன்று தாயும் கெட்டது, மற்ற ஆறும் எப்படி என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இறைச்சிக்கு அனுப்பலாம், வம்சத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

அப்பா அரிசோனாவுக்குத் தொலைபேசியில் பேசினார். நம் தொலைபேசிக் கம்பி ஒன்றையே ஒன்பது வீடு பங்கு போட்டுக்கொள்கிறது, ஒன்பது வீடும் காதை வைத்துக் கேட்டிருக்கும், அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. உன் மாமனார் முதலில் அப்படியா அப்படியா என்றார். பிறகு, "ஏலப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு, படிச்சியா? மாடு கன்னு போடும்னுதான் உத்தரவாதம். போட்டுச்சில்ல?" என்று கேட்டார். அப்பா, "போட்டுச்சு" என்றார். "அப்புறம் என்ன ஆர்வல்?" என்றார் உன் மாமனார். அப்பா ரிசீவரை மெதுவாகத்தான் வைத்தார். உன் கல்யாணத்தன்று எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுக்கொண்டு, இனி ரெண்டு வீடும் ஒண்ணு என்று சொன்ன மனிதர்தான் அவர். தொலைபேசியில் பேசிய அன்று நான் தாங்க முடியாமல், நம் பேத்தி உடம்பிலும் அந்த வீட்டு ரத்தம்தானே ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். உன் அப்பா என்னை அப்படித் திட்டியதே இல்லை. "மாட்டைப் பத்திப் பேசுறப்ப மாட்டைப் பத்தி மட்டும் பேசு வெல்டா" என்றார். சொன்னதற்கு வெட்கப்படுகிறேன், உன்னிடம் மறைக்க விரும்பாமல் எழுதுகிறேன்.

மே மாதம் வடக்கே டகோட்டாவிலிருந்து ஒரு பையனும் அவன் மனைவியும் வந்தார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறார்களாம், அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். நல்ல கன்றோடு நிற்கும் ஆறு மாட்டையும் காளையையும் பத்திரத்தோடு கேட்டார்கள். நான் காபி ஊற்றி, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பண்டத்தை வெட்டிக் கொடுத்துக்கொண்டே உன் அப்பாவைப் பார்த்தேன். வாயைத் திறக்காதீர்கள் என்று என் கண்ணால் கெஞ்சினேன் லவோன். நமக்கு மட்டும் யார் சொன்னார்கள்? போய்த் தொலையட்டும், வேறொருவர் தலையில் விடியட்டும் என்றுதான் நினைத்தேன். அப்பா காபியைக் குடித்து முடித்து, "தம்பி, மாட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணைப் பார்த்துரு" என்று அவனைப் பின்கொட்டகைக்குக் கூட்டிப்போய் அந்த மூன்று குள்ளங்களையும் காட்டினார். அந்தப் பையன் திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. "ஐயா, நீங்க காட்டலைன்னா என் கையில இருக்கிறது மொத்தமும் போயிருக்கும்" என்று சொல்லி அப்பாவின் கையை விடவே இல்லை. அவர்கள் வண்டி போன பிறகு நான் மூன்று நாள் உன் அப்பாவோடு பேசவில்லை. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் பேசவில்லை.

அதோடு நிற்கவில்லை. சங்கத்துக்கு எழுதிவிட்டார், நம் மாடுகளின் எண்ணைப் போட்டு, இவற்றில் குள்ளம் இருக்கிறது, இவற்றின் கன்றுகளைப் பதிய வேண்டாம் என்று. அது வெளியே தெரிந்ததும் அதே ஏலத்தில் வாங்கிய மற்றவர்களுக்கு நெருப்பு பிடித்தது. தேவாலய வாசலில் எல்லார் முன்னாலும் ஃபிரிட்ஸ் லாமர்ஸ், "உன் மாடு கெட்டதுன்னா உன் கொட்டகையோட வச்சுக்கய்யா, என் மாட்டையும் சேர்த்து ஏன் சந்தி சிரிக்க வைக்கிறே?" என்று கத்தினார். ஏமாற்றியவர் அரிசோனா வெயிலில் முட்டிக்கு இதமாக உட்கார்ந்திருக்கிறார், அவர் மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை, சொன்ன மனிதர் மேல்தான் கோபம். தீவனப் புல் அறுக்க இந்த வருடம் ஒருவரும் கூட வரவில்லை. அப்பாவும் நானுமாக அறுக்கிறோம். எனக்கு டிராக்டர் ஓட்ட வருகிறது, அதாவது நேராக ஓட்ட மட்டும்.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. போன செவ்வாய்க்கிழமை ஐக் லுண்டீன் வந்தார், உன் மாமனாரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தாரே, அவர்தான். சமையலறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அம்மா, ஐயா இவ்வளவு தைரியமா எழுதினதைக் கேட்டப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. நாலு வருசமா அந்த மந்தையில குள்ளம் பிறந்துச்சு. பிறந்த அன்னைக்கே அடிச்சு மேற்கால மணல்பள்ளத்துல புதைச்சோம். எந்த மாட்டோட கன்னுன்னு எனக்குத் தெரியாது, நம்பர் எல்லாம் பார்த்து எழுதினது சின்னவருதான்" என்றார். எத்தனை முறை என்று அப்பா கேட்டார். "சின்னவர் கல்யாணமாகி ஒரிகன் போறவரைக்கும் அவரும் நானும் சேர்ந்துதான் ஐயா குழி வெட்டினோம்" என்றார். சின்னவர் என்று அவர் சொன்னது உன் மெரிலைத்தான், நம் மாப்பிள்ளையைத்தான்.

அவர் போன பிறகு நான் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். போன செப்டம்பரில் நீ எழுதியதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: இந்த வயசில் அப்பா புதுசாக மாடு வாங்கிச் சிரமப்பட வேண்டாம் என்று மெரில் சொல்லச் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா, தன் புரூயிட் குடும்பத்து மாட்டை வைத்துக்கொள்ள நமக்குத் தகுதியில்லை என்று மாப்பிள்ளை நினைக்கிறார் என்று. அந்தக் கோபத்தில்தான் முழங்கையால் இடித்தேன். பார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, நம்மை விட்டுவிடவும் மனசில்லை, பாதி வார்த்தையை உன் கையால் எழுத வைத்து அனுப்பிவிட்டார். பாதி சொன்னதற்கு நன்றி சொல்வதா, மீதியை விழுங்கியதற்குச் சபிப்பதா என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. அப்பா வெளியே போய் வெகு நேரம் புல் அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லி எழுதாதே. எந்தெந்த மாடுன்னு மட்டும் எழுதி அனுப்பச் சொல்லு. எழுபது மாடு நாலு மாநிலத்துக்குப் போயிருக்கு, அந்தப் பையனை மாதிரி எத்தனை பேரோ" என்றார்.

அதைத்தான் கேட்கிறேன். தன் அப்பாவுக்கு எதிராகத் தன் கையெழுத்தில் எழுதுவது என்ன பாடு என்று தெரியாமல் கேட்கவில்லை. நடுவில் நீ நிற்கிறாய் என்பதும் தெரிகிறது, பெற்றவளே உன்னை அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஜூலையில் வருவதாகச் சொன்னீர்கள், கட்டாயம் வாருங்கள், கெயிலை இன்னும் நான் தூக்கவில்லை. மெரில் அந்த எண்களோடு வந்தால் உன் அப்பா வாசல் வரை வந்து கை கொடுப்பார். வெறும் கையோடு வந்தாலும் தட்டு வைப்பேன், கோழி அடிப்பேன், குறை வைக்க மாட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று சொல்ல எனக்கு நாக்கு எழுமா என்பதை இப்போது சத்தியம் செய்ய முடியாது.

குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் என்றால் தண்ணீர் நிறையக் கொடு. ரயிலில் வரும்போது அவளுக்குக் கம்பளிச் சட்டை போட மறக்காதே, மலைப்பக்கம் குளிரும். கடவுள் உங்கள் மூவரையும், ஆமாம், மூவரையும்தான், காப்பாற்றட்டும்.

உன் அம்மா
வெல்டா ஜாடன்