இடது காது

ஆவணி 22, ஞாயிறு

இன்று தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் போனேன். போயிருக்கக் கூடாது.

பிள்ளையை மடியில் வைத்து, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். வலது காது நன்றாக முடிந்தது. இடது காதுக்கு ஆசாரி கம்பியை எடுத்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. விரல்கள் சில்லிட்டு மரத்துப்போயின. பிள்ளை தலையை உதறினாள். பிடி நழுவியது. துளை மேலே ஏறிவிட்டது.

"ஒரு பச்சப்பிள்ளைய இறுக்கிப் பிடிக்க முடியலையா மச்சான்? ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னுதான வந்துச்சு?" என்றான் தங்கை புருஷன். நாலு பேர் சிரித்தார்கள். நான் உடம்பு முடியாமல் கல்லூரி வேலைக்கு நீண்ட லீவு போட்டதைச் சொகுசு என்று ஊரெல்லாம் சொன்னவன் இவன்தான். மறக்கவில்லை.

எனக்குக் கொரோனா வந்து போய் நாலு வருஷம். அது ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுத்திருக்கலாம், சாதாரண டெஸ்டில் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அதை இவர்களிடம் எப்படி விளக்குவது? குணமாகுமா என்று நான் கேட்டதற்கு அவரே மறுபடி வந்து பாருங்கள் என்றுதான் சொன்னார்.

தங்கை திட்டவில்லை. அவளுக்கு இது ஆறாம் மாதம். அழுகிற பிள்ளையை வாங்கிக்கொண்டு, "அடுத்த பிள்ளைக்கு சித்தப்பா மகன் மடியில வச்சுக்கிருவோம்ணே. நீ சிரமப்படாத" என்றாள்.

எந்த ரிப்போர்ட்டிலும் வராத என் நோய், இனி அந்தப் பிள்ளை கம்மல் போடும்போதெல்லாம் தெரியும். விரல்களுக்கு இன்னும் சூடு வரவில்லை.