அது உன் குரல் இல்லை

சின்னவளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, ஆர்மோனியத்தை மேசைமேல் ஏற்றி நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறேன். உன் அம்மா நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். காரணத்தை அவள் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே அழுவாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நம் பெரிய பாடகியை மேடையேற்றி, எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மழைப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். அந்த அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது நான் பாடினதே இல்ல, அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, யாரோ ஒரு பொண்ணு பாடின டிராக்கை அப்படியே விட்டுட்டாங்க, இருபது வருஷமா மனசு உறுத்துது, யாருன்னு இவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வயசாகிவிட்டது பாவம், ஞாபகம் பிசகுகிறது என்று நான் சிரித்துச் சமாளித்தேன்.

அவர் சொன்னது நிஜம்தான். படம் வெளியாக ஆறு நாள் இருந்தது, கேசட் அட்டையில் அவர் பெயர் அச்சாகிவிட்டது, அவர் கேட்டுப் பாடுவதற்காக நீ பாடி வைத்த டிராக்கையே படத்தில் அப்படியே வைத்துவிட்டேன். ரேடியோவில் முதல் தடவை கேட்டுவிட்டு, "அப்பா, இது என் குரல் மாதிரி இருக்கே" என்றாய். "டிராக்கைக் கேட்டுத்தானே பாடறாங்க, மூச்சு விடற இடம்கூட உன்னை மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் தலைக்கனத்தை இறக்கி வை" என்று வாத்தியக்காரர்கள் எதிரிலேயே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், மறுநாள் ஒழுங்காக வந்து அடுத்த டிராக்கைப் பாடினாய். அப்படியே ஆறு வருஷம். உன் பெயர் வெளியே தெரிந்திருந்தால் நாலு இசையமைப்பாளர்கள் கொத்திக்கொண்டு போயிருப்பார்கள், பிறகு எனக்கு யார் டிராக் பாடுவது? கல்யாணமாகிக் கிளம்பும்போது, "என் காதே என்னை ஏமாத்துது, எனக்கெதுக்குப்பா பாட்டு" என்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்று விழா முடிந்து வந்ததும் உன் அம்மா கேட்டாள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

யாராவது உன் நம்பரைக் கண்டுபிடித்துக் கேட்டால், அது என் குரல் இல்லை என்று சொல்லிவிடு. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, இத்தனை வருஷம் நம்பியதைத்தானே சொல்லப் போகிறாய். அந்த ஒரு பாட்டை நம்பித்தான் எனக்கு அறுபது படம் வந்தது, இந்த வயதில் என்னை நாலு பேர் வாயில் விழ வைத்துவிடாதே. பேத்தி நன்றாகப் பாடுகிறாள் என்று எழுதியிருந்தாய், படிப்பைக் கவனிக்கச் சொல்.

குளிரில் வெந்நீரே குடி. ஒரு குறையும் அண்டாமல் நீங்கள் மூவரும் நீண்ட காலம் நல்லபடி வாழ வேண்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்று நீ ஒரே தடவையில் பாடி முடித்தாய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டாமல் இருந்திருந்தாலும் உன்னுடையதைத்தான் படத்தில் வைத்திருப்பேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா